மாம்பலம் ஃபிளாட்டை இடிக்க விடலாமா, விற்றுவிட்டு ஓ.எம்.ஆர். போகலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது. பென்ஷன் வருகிறது. மேற்கு மாம்பலத்தில் 1984-ல் வாங்கிய 850 சதுர அடி ஃபிளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மொத்தம் இரண்டு கிரவுண்டு, 8 வீடுகள். என் பத்திரத்தில் யு.டி.எஸ். (மனையில் என் பங்கு) 600 சதுர அடி. இடித்துக் கட்டித் தந்தால் ஆளுக்கு 1,000 சதுர அடி இலவசம், இரண்டு வருடம் மாதம் 25,000 வாடகை என்கிறார் ஒரு பில்டர். தரைத்தளத்து அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. மகனோ, '76 லட்சத்துக்கு விலை கேட்கிறார்கள், விற்றுவிட்டு ஓ.எம்.ஆர். நாவலூரில் 70 லட்சத்துக்குப் புது வீடு வாங்கலாம்' என்கிறான். எது சரி?

பதில்: முதலில் மகன் சொல்வதை முடித்துவிடுவோம். 76 லட்சம் என்பது அந்தப் பழைய கட்டடத்துக்கு யாரும் தரும் விலை இல்லை. மொசைக் தரையும், பால்கனி கிரில்லும், கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்த சன்ஷேடும் கொண்ட அந்த மாதிரிக் கட்டடத்தை எண்பதுகளில் சென்னை முழுக்கக் கட்டினார்கள். அதன் மதிப்பு வருடா வருடம் தேய்கிறது. ஏறுவது அடியில் உள்ள மண். உங்கள் பக்கத்து லேக் வியூ ரோட்டில் இன்று லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. 1920-களில் அந்தப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இனி ஒரு கிரவுண்டு கூடப் புதிதாக முளைக்காது. நாவலூரில் உயரமான கட்டடத்தில் 1,000 சதுர அடி வீடு வாங்கினால், யு.டி.எஸ். அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே நல்ல கணக்கு. மேற்கொண்டு, 70 லட்சத்துக்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 7 சதவீதம், அதாவது 4.9 லட்சம். கட்டுமானம் முடியாத வீடு என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 3.5 லட்சம். விற்கும் வீட்டின் மூலதன ஆதாய வரியை, வேறு வீடு வாங்குவதால் தவிர்த்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் பென்ஷன்காரர் ஏன் அங்கே போக வேண்டும்? மகனுக்கு அங்கே வேலை என்றால் அவர் வாடகைக்கு இருக்கட்டும். விற்க வேண்டாம்.

சரி, பில்டருக்கு வருவோம். ஒரு பேப்பரை எடுத்து எழுதுங்கள். உங்கள் மனை 4,800 சதுர அடி. 2019 கட்டட விதிகளின்படி எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. ஆக 9,600 சதுர அடி கட்டலாம். பணம் கட்டி வாங்குகிற பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வேண்டுமென்றால் தெரு குறைந்தது 9 மீட்டர், கிட்டத்தட்ட 30 அடி அகலம் இருக்க வேண்டும். உங்கள் தெரு அவ்வளவு இருக்காது என்றே வைத்துக்கொள்கிறேன், ஒரு முறை அளந்து பாருங்கள்.

அந்த 9,600-ல் உங்கள் எட்டுப் பேருக்கு 8,000 போனால் பில்டருக்கு மிச்சம் 1,600. சதுர அடி 14,000 என்று விற்றாலும் 2.24 கோடி. செலவு? கட்டுமானம் சதுர அடிக்கு 3,000 என்று வைத்தால் 2.88 கோடி, எட்டு வீட்டு வாடகை 48 லட்சம், ஆகமொத்தம் 3.36 கோடி. ஒரு கோடிக்கு மேல் நஷ்டப்பட்டு யாரும் உங்களுக்கு வீடு கட்டித் தர மாட்டார்.

அப்படியென்றால் அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது? அது சூப்பர் பில்ட்-அப் ஆயிரம். படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாவற்றையும் உங்கள் தலையில் ஏற்றிச் சொல்வது. 9,600 இந்தக் கணக்கில் 11,500 ஆகிவிடும். அவர் கையில் 3,500 சதுர அடி நிற்கும், 4.9 கோடி. இப்போது கணக்கு இடிக்கவில்லை, பாருங்கள். ஆனால் உங்கள் வீட்டின் உள்ளே, சுவருக்குச் சுவர், 700 சொச்சம்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப் எடுத்து இப்போதைய வீட்டை அறை அறையாக அளந்துவிடுங்கள். புது வீடு அதைவிடச் சின்னதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொன்றை யாரும் மீட்டிங்கில் பேசுவதில்லை. 11,500-ல் ஆயிரம் உங்களுடையது என்றால், யு.டி.எஸ். 600-லிருந்து ஏறத்தாழ 417 ஆகக் குறையும். 183 சதுர அடி மண்ணைக் கொடுக்கிறீர்கள். மனைக்கும் அதே 14,000 போட்டால் 25 லட்சத்துக்கு மேல். 'இலவசம்' என்பதன் விலை அது. அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. லிஃப்ட் உள்ள, கார் நிறுத்த இடமுள்ள புது வீட்டுக்கு அந்த விலை நியாயமானதுதான். எழுபது வயதில் இரண்டு மாடி ஏறிப் பார்த்தால் தெரியும். ஆனால் விலை இன்னதென்று தெரிந்து கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'கார்ப்பெட் ஏரியா' (வீட்டின் உள்ளளவு) என்ற சொல்லும், யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்ற எண்ணும் வர வேண்டும். பவர் பத்திரம் பில்டரின் பங்குக்கு மட்டும். மூலப் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். 24 மாதம் தாண்டினால் வாடகை இரட்டிப்பு, அதற்கு வங்கி உத்தரவாதம். உங்கள் மனை 446 சதுர மீட்டர்தான்; ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுக்கான 500 சதுர மீட்டர் வரம்புக்குள் இருப்பதால் பதிவு தேவையில்லை என்று பில்டர் சொல்லக்கூடும். அப்படியானால் இந்த ஒப்பந்தம்தான் உங்களுக்கு ஒரே கவசம், எனவே வக்கீல் ஃபீஸில் கஞ்சத்தனம் கூடாது. அதைப் பதிவும் செய்யுங்கள்: பதிவான கூட்டு ஒப்பந்தம் என்றால் ஆதாய வரி கையெழுத்திட்ட வருடத்தில் வராது, கட்டுமான நிறைவுச் சான்று வந்த வருடத்தில்தான் வரும். மீதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தத் தரைத்தளத்து அம்மா. 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், எட்டில் ஆறு. உங்களிடம் ஏழு இருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான், ஆனாலும் அவர் கோர்ட்டுக்குப் போனால் வருடங்கள் ஓடும். முதலில் அவர் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள், யு.டி.எஸ். உங்களைவிடக் கூடுதலாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே ஆயிரம் என்பதை அவர் மறுப்பதில் தப்பே இல்லை. அப்படி இல்லையென்றால், நான் பார்த்தவரை இந்த மாதிரி மறுப்புக்குக் காரணம் பேராசையாக இருப்பதில்லை. இந்த வயதில் இரண்டு வருடம் எங்கே போய் இருப்பது என்ற பயம். அதே தெருவில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து, அவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அப்புறம் கையெழுத்து கேளுங்கள்.