புவியியல் படித்தால் என்ன ஆவாள் என்று கேட்கும் அம்மாவுக்கு

மகள் புவியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், மாமாவும் சித்தப்பாவும் கணினி அறிவியலை விட்டால் எதிர்காலமே இல்லை என்கிறார்கள், அவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவளுக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான்.

“தீபகற்பம், பீடபூமி, பள்ளத்தாக்கு என்று பள்ளியில் படித்ததையே மறுபடி படிக்கவா மூன்று வருடம்?” என்று மாமா கேட்கிறாராம். அந்தப் பள்ளிக்கூடச் சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர்களுக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

ஆசிரியர் வேலை, போட்டித் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது ஜிஐஎஸ் என்கிற புவித் தகவல் அமைப்பு, அதாவது இடங்களைப் பற்றிய தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் முறை. அதிலும் குறிப்பாக, நிலத்தின் உயரத்தை வைத்து வெள்ளம் எங்கே போகும், சரிவு எங்கே பெயரும், சாலையை எந்தப் பக்கம் கொண்டுபோகலாம் என்று கணிக்கும் வேலை.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு. இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதே கோடுகள் ‘வி’ போல வளைந்து, அதன் முனை மேட்டுப் பக்கம் காட்டினால் பள்ளத்தாக்கு. தாழ்வான பக்கம் காட்டினால் மலையிலிருந்து இறங்கி வரும் முகடு. இதில் ஒருவர் குழம்பினால், ஓடை ஓடும் இடத்தை மேடு என்று எழுதிவிடுவார். இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் பகுதிக்குச் சேணம் என்று பெயர். மலையைக் கடக்க வழி தேடுகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது கணினிக்கு வருவோம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து, பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை ரேடாரால் அளந்தது. சுமார் 30 மீட்டர் கட்டங்களாக அந்தத் தரவு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கட்டத்தில் விழும் மழை, சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எதை நோக்கிச் சரிவு அதிகமோ அங்கே போகும் என்று வைத்து மென்பொருள் ஓடைகளை வரைந்துவிடும். வழியில் ஒரு குழி இருந்தால் கணக்கு நின்றுவிடும். அதனால் குழிகளை முதலில் நிரப்பச் சொல்வது வழக்கம். பட்டனை அழுத்தினால் நிரப்பிவிடும். ஆனால் அந்தக் குழி தரவில் வந்த பிழையா, உண்மையான ஏரியா, சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான பள்ளமா? மூன்றாவதாக இருந்தால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிடும். மென்பொருளோ அதை மேலேயே ஓடவிட்டு, இல்லாத ஓடையைக் காட்டும். அப்புறம், அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையை முழுதாகப் பார்க்கவில்லை. அங்கே உயரத்தில் மரங்களின் உயரமும் சேர்ந்திருக்கும். இதையெல்லாம் கவனிக்க நிலம் தெரிந்த ஆள் வேண்டும்.

வரைபடத்தின் அளவையும், அதாவது தரையை எத்தனை மடங்கு சுருக்கி வரைந்திருக்கிறார்கள் என்பதும், அப்படித்தான். 1:50,000 படத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. அதில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு 25 மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, இந்த வீடு வெள்ளக் கோட்டுக்கு உள்ளே, அந்த வீடு வெளியே என்று முடிவு சொல்வது பெரிய தவறு. பெரிதாக்கினால் துல்லியம் அதிகரிக்காது.

செலவு விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன். பெரிய பெயருள்ள படிப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்கு என்றால் நிச்சயம் வாங்காதீர்கள். ஜிஐஎஸ் வேலைக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். வீட்டில் இருக்கும் சாதாரணக் கணினியிலேயே தொடங்கலாம். சான்றிதழ் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு இப்போது போக வேண்டாம்.

அவளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபடம் பிடிக்கும் என்பது மட்டும் போதாது. புள்ளியியலும், பைத்தான் நிரல் எழுதுவதும் கூடவே வர வேண்டும். கணக்கைக் கண்டு ஓடினால் இந்த வழி கடினம். வரைபடம் கையில் கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள் என்று நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே நம்பிக்கை தந்த வரி அதுதான்.

இந்த வாரம் சம உயரக் கோடுகள் உள்ள ஒரு நிலத்தோற்றப் படத்தைக் கொடுத்து, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறுக்குவெட்டுத் தோற்றம், அதாவது நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் ஏற்ற இறக்கம், வரையச் சொல்லுங்கள். ஒரு காகிதத் துண்டைப் புள்ளிகளுக்கு நடுவே வைத்து, சம உயரக் கோடுகள் வெட்டும் இடங்களைக் குறித்து, உயரங்களை ஏற்றி இணைக்க வேண்டும். விரும்பி உட்கார்ந்து முடித்தால் கல்லூரி பாருங்கள். சேர்வதற்கு முன் துறையில் நேரில் கேளுங்கள்: களப்பணிக்கு மாணவர்களை அழைத்துப் போகிறார்களா, ஆய்வகத்தில் அவர்களே உட்கார்ந்து தரவைக் கையாளுகிறார்களா, புள்ளியியல் பாடம் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் வேறு கல்லூரி தேடுங்கள். பாடத்தை மாற்றாதீர்கள்.