வரி, வரவு, செலவு: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

மலேசிய இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பணக்கணக்கு சொல்லித்தருவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பள்ளிக் கணிதத்தில் சேமிப்பும் கடனும் படிவம் 3-இல் வருகின்றன, நிதி நிர்வாகம் படிவம் 4-இல், வரி படிவம் 5-இல். பதினேழு வயதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். என் கட்சியும் அதுவே.

கேள்வி: படிவம் 2 பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். வரி என்று ஆரம்பித்தாலே, "அது தவுக்கேமார் (முதலாளிமார்) கட்டுறது டீச்சர், நமக்கு எதுக்கு?" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம், ஐயா?

வருமான வரியில் மட்டும் தொடங்காதீர்கள், அம்மா. பதினான்கு வயதுக்கு அது எட்டாத தூரம். பிள்ளையின் கையில் இருக்கும் டின் பானத்தில் தொடங்குங்கள். இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் கலால் வரி இருக்கிறது. லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கி, பிறகு ஏறியிருக்கிறது. தொடங்கிய விகிதத்தையே எடுத்துக்கொண்டு, 320 மில்லிலிட்டர் டின்னுக்கு எவ்வளவு என்று போடச் சொல்லுங்கள். ஏறக்குறைய 13 சென் வரும். கட்டுவது தொழிற்சாலைதான், ஆனால் அது விலைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. காற்றடைத்த பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால்தான் இந்த வரி. டின்னின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதை அவர்களே படித்து, எதற்கு வரி, எதற்கு இல்லை என்று பிரிக்கட்டும்.

அடுத்த வகுப்புக்கு ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஈப்போவில் குளிர்சாதனக் கடையில் சாப்பிட்ட ரசீது ஒன்று எப்படியும் யாரிடமாவது இருக்கும். அதில் சேவை வரி 6 விழுக்காடு என்று ஒரு குறிப்பும், சேவைக் கட்டணம் 10 விழுக்காடு என்று இன்னொரு குறிப்பும் இருக்கலாம். பெரியவர்களே இரண்டையும் அரசாங்கத்தின் தலையில் போடுவார்கள். 6 விழுக்காடுதான் சுங்கத்துறைக்குப் போகிறது; 10 விழுக்காடு கடைக்காரர் வாங்கிக்கொள்வது. பெரிய தொகை எது என்று பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள்.

நம் பட்டணத்து ரொட்டி சானாய்க் கடையில் ஏன் அந்த 6 விழுக்காடு இல்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உணவுக்கடையின் வருட விற்பனை 15 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டினால்தான் இந்த வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டும். நாள் கணக்கில் அது 4,100 வெள்ளிக்குச் சற்று மேல். அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி போகும், அந்தத் தொகை வருமா என்று வகுப்பு முழுக்க வாதாடும். வாதாடட்டும், அன்றைய பாடமே அதுதான்.

ஷோப்பி இணையக் கடையில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. கைப்பேசி உறை வாங்கியவன் வரி கட்டியவன்தான். தவுக்கே கதையை அதன் பிறகு அவன் சொல்ல மாட்டான்.

ஒன்று மட்டும்: "உங்க அப்பா சம்பளம் எவ்வளவு?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள், ஒருவர் வீட்டுக் கஷ்டம் இன்னொருவருக்குத் தெரியத்தான் செய்யும், இருந்தாலும் அதைக் கரும்பலகையில் எழுத வேண்டியதில்லை. கற்பனைக் குடும்பம் ஒன்றை உண்டாக்கி அதற்குக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். சம்பளச் சீட்டைப் பார்த்த மகன், "இவ்வளவும் வரியா போகுதாம்மா?" என்று கோபப்படுகிறான். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சீட்டில் வரி பெரும்பாலும் இருக்காது, அம்மா. பிடித்தம் எல்லாம் வரி அல்ல. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பிடித்தமாகப் படியுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வைத்துக்கொள்வோம். இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. அது அவர் பெயரிலேயே சேரும் சேமிப்பு. முதலாளி அதற்கு மேல் 13 விழுக்காடு, 221 வெள்ளி போடுகிறார். சீட்டில் கழிந்ததாகக் கண்ணில் படுவது 187, அவர் கணக்கில் ஏறுவது 408. இதைக் கேட்டதும் மகனின் கோபம் பாதி இறங்கிவிடும். சொக்சோ எட்டு வெள்ளி சொச்சம். வேலையில் அடிபட்டால், முடமானால் கைகொடுக்கும் காப்புறுதி. குலை வெட்டுகிறவர் வீட்டில் இது சாதாரண விஷயமில்லை. அதன் அடியில் மூன்று வெள்ளி சொச்சம் இருப்பது வேலை இழந்தால் உதவும் காப்புறுதித் திட்டத்துக்கு. இந்த இரண்டுக்கும் முதலாளியும் தன் பங்கைக் கட்டுகிறார். சங்கச் சந்தா, முன்பணக் கழிவு என்றெல்லாம் இருந்தால் அவை வேறு கதை.

வரி என்றால் பிசிபி என்று எழுதியிருக்கும் மாத வரிக் கழிவு ஒன்றுதான். 1,700 வெள்ளிக்காரருக்கு அது ஏன் வராது என்று மகனே கண்டுபிடிக்கட்டும். வருடத்துக்கு 20,400. வரி போடுமுன் அதிலிருந்து கழிப்பவை: தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கட்டியதில் 2,244. மிச்சம் 9,156, அதுதான் வரிக்குரிய வருமானம். முதல் 5,000-க்கு வரி இல்லை, அதற்கு மேல் 20,000 வரைக்கும் 1 விழுக்காடு. 4,156-க்கு 41 வெள்ளி 56 சென் வருகிறது. ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000-க்கு மேற்படாதவர்களுக்கு வரியிலிருந்து 400 வெள்ளி தள்ளுபடி. ஆக, கட்ட வேண்டியது பூஜ்யம். மனைவி, பிள்ளைகளுக்கான கழிவைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: நான் படிவம் 3 மாணவி. என் மாமா ஈப்போவில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "ஓவர்டைம் செய்தால் அடுத்த வரிப் படிக்குப் போய்விடுவேன், கையில் வருவது குறைந்துவிடும்" என்கிறார். உண்மையா?

உன் மாமா சொல்வது பெரும்பாலும் தவறு, ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் சரி. அந்த இடம்தான் சுவையானது.

முதலில் தவறான பகுதி. வரிப் படி பால் கோப்பைகளை வரிசையாக வைத்த மாதிரி. முதல் கோப்பை நிறைந்து வழிவதுதான் இரண்டாவதில் விழும்; இரண்டாவதன் விகிதம் முதலாவதில் இருப்பதைத் தொடாது. வரிக்குரிய வருமானம் 36,000 என்றால் அவருக்கு 6 விழுக்காட்டுப் படி. அவர் பயப்படுவது 36,000-இல் 6 விழுக்காடு, அதாவது 2,160 வெள்ளி. நிஜத்தில் முதல் 5,000-க்கு ஒன்றுமில்லை, அடுத்த 15,000-க்கு 150, அதற்கடுத்த 15,000-க்கு 3 விழுக்காட்டில் 450, கடைசி ஆயிரத்துக்கு மட்டும் 60. மொத்தம் 660.

இப்போது அவர் கொஞ்சம் சரியாகச் சொல்வது. மேலே ஓர் அம்மாவுக்குச் சொன்ன 400 வெள்ளித் தள்ளுபடி 35,000-உடன் நின்றுவிடும். சரியாக 35,000 என்றால் வரி 600, தள்ளுபடி போக 200. ஒரு வெள்ளி கூடினாலும் தள்ளுபடி இல்லை, 600-ஐயும் கட்ட வேண்டும். திருமணமாகாத ஒருவர் தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கழிவு 4,000 இரண்டை மட்டும் காட்டினால், மாதம் 4,000 வெள்ளிச் சம்பளத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்பார். அந்தப் பள்ளத்தைத் தாண்ட அவர் வருடத்துக்கு ஏறக்குறைய 426 வெள்ளி கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். 400-ஐ 0.94-ஆல் வகுத்துப் பார், ஏன் என்று தெரியும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு வெள்ளியிலும் 94 சென் அவருக்கே. வருடம் முழுக்க ஓவர்டைம் செய்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தொழில் சம்பந்தமில்லாத புத்தகம், கணினி, இணையக் கட்டணம் ஆகியவற்றுக்கு 2,500 வரை வாழ்க்கைமுறைக் கழிவு உண்டு. மாமா அதைக் காட்டுகிறாரா என்று கேள். காட்டினால் பள்ளமே அவர் வழியில் வராமல் போகலாம்.

கேள்வி: பிள்ளைக்கு வரவு செலவு சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தால், எல்லா இடத்திலும் தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 விழுக்காடு என்கிறார்கள். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். மழை பெய்தால் வேலை இல்லை. எனக்கு எது 50, எது 30?

உங்களுக்கு அது பொருந்தாது. மாதா மாதம் ஒரே தொகை வருகிற வீட்டுக்குச் செய்த சட்டை அது. நம் பக்கத்தில் மழைக்காலத்தில் மரத்தைத் தொட முடியாது, இலையுதிர் காலத்தில் பால் இறங்காது, தீபாவளிக்கு வாங்கிய முன்பணம் பிறகு கழியும். விழுக்காட்டை எதன் மேல் போடுவது?

பிள்ளையிடம் ஆறு மாதச் சம்பளத்தைக் கொடுங்கள், உங்களுடையது வேண்டாமென்றால் இதை: 2,400, 2,250, 1,800, 1,700, 2,100, 2,350. சராசரி போடச் சொன்னால் 2,100 என்பான். பள்ளியில் முழுப் புள்ளி கிடைக்கும். வீட்டில் 2,100-ஐ நம்பிச் செலவை அமைத்தால் ஒரு மாதம் 300, இன்னொரு மாதம் 400 துண்டு விழும். அந்த இரண்டும் அடுத்தடுத்த மாதங்கள் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆ லோங்கிடம், அதாவது வட்டி முதலையிடம், போகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் போகிறார்கள்.

சராசரியை விட்டுவிட்டு, ஆகக் குறைந்த மாதத்தைப் பிடியுங்கள். 1,700-க்குள் அரிசி, மளிகை, மின்சாரம், மோட்டார் தவணை, பள்ளிப் பேருந்து அடங்குகிறதா? அடங்கினால், மற்ற ஐந்து மாதங்களில் அதற்கு மேல் வந்தது மொத்தம் 2,400. அதில் பள்ளித் தொடக்கத்துக்கு, பண்டிகைக்கு, மோட்டாருக்கு டயர் மாற்ற என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைக்கலாம். பெயர் எழுதாத பணம் எப்படிப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளித் தொடக்க உதவியாக வரும் 150 வெள்ளியை அந்தப் பிள்ளையிடமே கொடுத்து, சப்பாத்து, பை, சீருடைக்குத் திட்டம் போட விடுங்கள். பை விலையைப் பார்த்து அவனே தயங்குவான்.

1,700-க்குள் அடங்கவில்லை என்றால் அது கணக்குத் தெரியாத குறை இல்லை, சம்பளம் போதாத குறை. பிள்ளை அதைத் தன் அப்பாவின் ஊதாரித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. வரவு செலவுப் பாடம் நடத்துகிற பலர் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: கைச்செலவுக் காசை தினமும் கொடுப்பதா, வாரத்துக்கு ஒருமுறையா?

வாரத்துக்கு ஒருமுறை. முதல் வாரம் புதன்கிழமையே தீர்ந்துபோகும். சாப்பாடு கட்டிக் கொடுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கி வந்திருக்கிறோம். மதிப்பீட்டு வரி என்று பில் வருகிறது. "முன்னாடி கட்டலையே, இப்போ ஏன்?" என்று மகள் கேட்கிறாள்.

நல்ல கேள்வி. லயத்தில் கால்வாய் கழுவுவதும் குப்பை எடுப்பதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பில் உங்கள் கதவுக்கு வரவில்லை. இங்கே அந்த வேலையை நகராண்மைக் கழகம் செய்கிறது, சுங்கை சிப்புட்டுக்குக் கோலகங்சார் கழகம். வருடத்துக்கு இரண்டு தவணை, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு கடைசிக்குள் ஒன்று. நில வரி தனி, அது மாநில அரசுக்குப் போவது, வருடத்துக்கு ஒருமுறை. மகளிடம் பில்லைக் கொடுத்து, தெருவிளக்கு எரிகிறதா, கால்வாய் அடைத்திருக்கிறதா என்று ஒரு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் கழகத்துக்குப் புகார்க் கடிதமும் அவளே எழுதட்டும்.

கேள்வி: நாங்கள் பெண்கள் பத்துப் பேர் கூட்டு போடுகிறோம்; மாதாமாதம் எல்லாரும் போடும் பணத்தை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வோம். பேத்தி, "பாட்டி, அது தப்புன்னு டீச்சர் சொன்னாங்க" என்கிறாள். இத்தனை வருஷமாக நாங்கள் சேர்த்ததெல்லாம் தப்பா?

கூட்டு நடத்துவதைத் தொழிலாக வைத்துக்கொள்வது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டீச்சர் சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது. பேத்திக்கு நான் சொல்வது வேறு: கூட்டில் வட்டி இல்லை, எழுத்து இல்லை, முதலில் எடுத்தவர் ஓடிப்போனால் கடைசியாக எடுப்பவருக்கு வழி இல்லை. பத்துப் பேரில் ஏழாவது மாதம் இருவர் நின்றுவிட்டால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று அவளையே ஒரு தாளில் போடச் சொல்லுங்கள், பாட்டி. நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

சேர்ந்து சேமிப்பதே தவறு என்று அவள் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இதே ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அங்கே பதிவு இருந்தது, கணக்கு இருந்தது, உறுப்பினர் கேள்வி கேட்க உரிமை இருந்தது. பாட்டிகள் சிலரிடம் பங்குப் பத்திரம் இன்னும் பெட்டியில் இருக்கும். உங்களிடம் இருந்தால் பேத்திக்குக் காட்டுங்கள்.

கேள்வி: நானும் என் தோழியும் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்றோம். 180 வெள்ளி லாபம். வருமான வரி கட்ட வேண்டுமா? படிவம் 2.

வேண்டாம், அம்மா. உன் வருமானம் இவ்வளவுதான் என்றால், முதல் 5,000-க்கே வரி கிடையாது, கழிவுகள் வேறு இருக்கின்றன. ஆனால் 180 லாபம்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். மாவும் எண்ணெயும் உன் காசா, வீட்டு அலமாரியில் இருந்ததா? எரிவாயு யாருடையது? இதையெல்லாம் கழித்துவிட்டு, மீதியை நீங்கள் இருவரும் அடுப்படியில் நின்ற மணிநேரத்தால் வகுத்து, மணிக்கு எவ்வளவு விழுந்தது என்று எனக்கு எழுது.