மதங்களுக்கு இடையே உரையாடல்னு கூட்டம் போடுறதால உண்மையிலேயே பலன் உண்டா? எல்லா மதமும் ஒண்ணுதானா?

இதுக்கு பதில் சொல்ல நான் சரியான ஆளான்னு தெரியல. நான் மேடையில பேசுற ஆள் இல்ல, மேடைக்கு மைக் போடுற ஆள். கன்னியாகுமரி ஜில்லாவுல தக்கலை பக்கம் சவுண்ட் சர்வீஸ், அப்பா காலத்துலருந்தே இதான் தொழில். கோயில் கொடை, சர்ச் திருவிழா, மீலாது கூட்டம் எல்லாத்துக்கும் நம்ம குழாய்தான் கத்தும், அதனால மத நல்லிணக்க கூட்டத்த என்ன மாதிரி முழுசா உக்காந்து கேட்டவன் இந்த ஜில்லாவுல கம்மி. பேசுறவங்க கூட அவங்க பேச்சு முடிஞ்சதும் கார் ஏறிருவாங்க, நான் ஒயர் சுருட்டி முடியிற வரைக்கும் நிக்கணும்லா.

கேள்விய பாத்தா நீங்க வெளியூர்ல, பெரிய சிட்டியில இருக்கீங்கன்னு நெனக்கேன். இங்க 2011 கணக்குப்படி இந்து 48 சொச்சம் சதவீதம், கிறிஸ்தவங்க 46 சொச்சம், முஸ்லிம் 4 சொச்சம். பக்கத்து வீடே வேற மதம்தான், உரையாடல்னு தனியா பேர் வச்சு ஹால் புடிக்க வேண்டிய அவசியம் இல்ல. அப்படியும் 1982ல மண்டைக்காட்டுல இந்து-கிறிஸ்தவ கலவரம் நடந்துச்சே, துப்பாக்கிச்சூடு நடந்து உயிர் போச்சேன்னு கேப்பீங்க. ஆமா நடந்துச்சு. மறைக்கல.

முதல்லயே சொல்லிருதேன், கமெண்ட்ல ரெண்டு பக்கத்துலருந்தும் திட்ட வருவாங்க, நான் எந்த பக்கத்துக்கும் வக்கீல் இல்ல, எந்த கட்சி கொடிக்கும் கம்பு புடிச்சதில்ல, காசு குடுத்தா எல்லா கட்சிக்கும் மைக் போடுவேன் அவ்வளவுதான்.

கூட்டத்துல பேசுறது எனக்கே மனப்பாடம். முதல்ல ஒருத்தர் விவேகானந்தர்ல தொடங்குவாரு, 1892 டிசம்பர்ல நம்ம கன்னியாகுமரி பாறை, 1893 செப்டம்பர் 11 சிகாகோ. அடுத்து பாதர், 1965ல கத்தோலிக்க சபையோட வத்திக்கான் சங்கம் மத்த மதங்கள்ல உள்ள உண்மையான எதையும் சபை தள்ளுறதில்லன்னு சொல்லிச்சுன்னு எடுத்து பேசுவாரு. மூணாவது ஆள் சமாதானம்ங்கிறதுக்கும் இஸ்லாம்ங்கிற பேருக்கும் வேர்ச்சொல் ஒண்ணுன்னு. கடைசியில எல்லா ஆறும் கடல்ல சேருது, கைதட்டு. நான் தப்பு சொல்லல, எல்லாம் உண்மைதான், ஆனா கேக்க வந்தவன் பாதிப்பேரு பிரியாணி பொட்டலம் எப்போன்னுதான் பாத்துட்டு இருப்பான்.

ஒரே ஒரு கூட்டம் மட்டும் மறக்க முடியல. 2023ல ஒரு கல்யாண மண்டபம். சிறப்பு விருந்தினர் வர முக்கா மணி நேரம் லேட்டு. மேடையில ஒரு மடத்து சாமி, ஒரு பாதர், ஒரு ஹஜ்ரத், மூணு பேருக்கும் காலர் மைக் குத்தி விட்டாச்சு. ஹால்ல சத்தம் போகாம சேனல மூடி வச்சிருந்தேன், ஆனா மிக்சர்ல ஒவ்வொரு மைக்கையும் தனியா ஹெட்போன்ல கேட்டு பாக்கணும், பேட்டரி இருக்கா கரகரன்னு வருதான்னு. ஒட்டுக்கேட்டியான்னு யாரும் வராதீங்க, அது என் வேல. சரி, வேலைக்கு தேவையானதுக்கு மேல கொஞ்சம் கேட்டுட்டேன், ஒத்துக்கிடுதேன்.

சாமிக்கு சுகராம். ஹஜ்ரத்துகிட்ட மெதுவா கேக்காரு, "நோம்புல மாத்திரை எப்ப போடுவீங்க?" ஹஜ்ரத்துக்கும் சுகர். "விடியறதுக்கு முன்ன சாப்பிடுற சஹர்ல ஒண்ணு, நோம்பு தொறந்ததும் ஒண்ணு. நோயாளிக்கு சலுக உண்டு சாமி, விட்ட நாள எண்ணி வச்சு பிறகு புடிக்கலாம், அதுவும் முடியாதவன் ஒரு நாளுக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடு குடுத்தா போதும். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது." சாமி சிரிச்சுட்டு, கந்தசஷ்டி ஆறாம் நாள் தல சுத்தி படிக்கட்டுல உக்காந்த கதைய சொன்னாரு, டாக்டர் ஏசினாராம், அடுத்த வருஷமும் பட்டினிதான். இந்த பக்கம் இருந்து பாதர், "எங்களுக்கு ஒருசந்தி, அதான் ஒரு வேள சாப்பாட்டு நோம்பு, 59 வயசு வரைக்கும்தான் கட்டாயம், எனக்கு 63. ஆனா பெரிய வெள்ளி காலையில காப்பி கப்ப எடுக்க கை போகாது."

கொஞ்ச நேரம் மூணு பேரும் பேசல. ஹெட்போன்ல மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஹஜ்ரத் ஏதோ மாத்திரை பேர அழைப்பிதழ் பின்னால எழுதி சாமி கையில குடுத்தாரு.

விருந்தினர் வந்தாரு, நான் சேனல தொறந்தேன், எல்லா ஆறும் கடல்ல சேந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ஒயர் சுருட்டும்போது இதே நெனப்புதான். நோம்புன்னா முஸ்லிம் சொல்லுன்னு நெனப்போம், எங்க ஆச்சி கௌரி நோம்பு இருந்தாவ. ஒருசந்தின்னு பாதர் சொன்னது எங்க வீட்டுலயும் உள்ள வார்த்தைதான். கிறிஸ்தவங்க தவக்காலம் தொடங்குறது விபூதி புதன்ல. வேண்டுதல நேர்ச்சைன்னு மூணு பேர் வீட்டுலயும் சொல்லுவாங்க. கோட்டாறு சவேரியார் திருவிழாவுல உப்பும் நல்லமிளகும் போட நிக்கிற கூட்டத்துல பொட்டு வச்ச நெத்தி எத்தன, எண்ணி பாருங்க. இங்க தக்கலையில சூஃபி ஞானி பீர் முகமது அப்பா தர்காவுல அவர் பாடின ஞானப்புகழ்ச்சிய வருஷத்துல ஒரு ராத்திரி தமிழ்ல பாடுவாங்க, வெளியில நின்னு கேக்குறதுல எல்லா ஆளும் உண்டு. சிவராத்திரிக்கு ஓடுற சிவாலய ஓட்டம் 12 சிவன் கோயில், ஓடுறவன் கத்துறது கோவிந்தா கோபாலா! கடைசி கோயில் இருக்குற நட்டாலம்தான் 2022ல புனிதரா அறிவிச்ச தேவசகாயம் பொறந்த ஊரு.

அதுக்காக எல்லாம் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு இல்ல. 1986ல போப் இத்தாலியில அசிசிங்கிற ஊர்ல எல்லா மதத்து தலைவர்களையும் கூப்பிட்டப்போ கூட ஒரே ஜெபத்த எல்லாரையும் சொல்ல வைக்கல, அவங்கவங்க தனித்தனி இடத்துல அவங்கவங்க முறையில பண்ணிட்டு பிறகு ஒரு இடத்துல கூடினாங்களாம், இத சொன்னதும் ஒரு பாதர்தான், மைக்குல இல்ல, டீ குடிக்கும்போது. எனக்கு அது சரியா பட்டுச்சு.

பலன் உண்டான்னு கேட்டீங்கல்லா, 82ல சைவ மடத்து தலைவர் குன்றக்குடி அடிகளார் இங்க வந்து கடற்கரை ஊருக்குள்ளயே போய் பேசினாரு, அதெல்லாம் பலன். அப்போ எனக்கு பத்து வயசு. அப்பாவோட ரெண்டு குழாயும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு கடலோர ஊர் சர்ச்சுல மாட்டிக்கிச்சு, எடுக்க போக வழியில்ல, போச்சுன்னு நெனச்சு அம்மா அழுதாவ, அதுதான் சோறு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் விடியக்காலம் ஒருத்தர் சைக்கிள்ல வந்தாரு, குழாய சாக்குல பொதிஞ்சு, உப்புக்காத்து படாம ஆம்ப்ளிஃபயர பழைய சேலையில சுத்தி. ரெண்டு மாசத்துக்கும் வாடக எவ்வளவுன்னு கேட்டாரு. அப்பா திருவிழா நடந்த நாளுக்கு மட்டும் வாங்கினாவ. ரெண்டு பேரும் மதத்த பத்தி ஒரு வார்த்த பேசல, வாசல்ல நின்னு கட்டங்காப்பி குடிச்சாங்க.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. கலவரத்துக்கு நடுவுல எங்க அப்பாவுக்கு வாடக வந்துச்சு. 2023 நல்லிணக்க கூட்டத்துக்கு என் பில்லு 11,500, கமிட்டிக்காரங்க இன்னைக்கு வரைக்கும் தரல. போன் பண்ணினா பொருளாளர் செயலாளர கேளுங்கறாரு, செயலாளர் எடுக்கவே மாட்டேங்காரு, இதுல ஸ்டேட்டஸ்ல தெனமும் சகோதரத்துவம்னு போட்டோ. சம்பந்தமில்லாம பேசுதேன்னு தோணலாம், எனக்கு சம்பந்தம் இருக்கு.

அந்த 63 வயசு பாதர் எப்படியோ விஷயத்த கேள்விப்பட்டு போன மாசம் கடைக்கு வந்து தன் கையிலருந்து 2,000 நீட்டினாரு. நீங்க ஏன் பாதர் தரணும்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். மூணாவது தடவ வாங்கிட்டேன். சாமிக்கு சுகர் இப்போ எப்படின்னு கேட்டதுக்கு, ஹஜ்ரத் சொன்ன மாத்திரை ஒத்துக்கிடலயாம், வேற மாத்திட்டாங்களாம்.