பாடியதையே மறுபடி பாடுவது

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தில் படித்துத்தான் அமெரிக்க சோல் இசைக் குழுவான டெல்ஸைக் கேட்கத் தொடங்கினேன். டெம்ப்டேஷன்ஸ் அளவுக்கு இவர்கள் ஏன் புகழ் பெறவில்லை? தங்கள் பழைய பாடல்களையே மறுபடி பதிவு செய்ததைப் பார்த்தால் சரக்கு தீர்ந்துவிட்டது என்றுதானே தோன்றுகிறது?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

கொஞ்ச நாளாக நானும் டெல்ஸைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களைத் தேடிப் போய்க் கேட்க இன்னொருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

புகழ்க் கணக்கை விடுங்கள். டெம்ப்டேஷன்ஸுக்கு மோடவுன் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் இருந்தது, அவ்வளவுதான். டெல்ஸ் சிகாகோவுக்குத் தெற்கே ஹார்வி என்ற ஊரின் பள்ளிக்கூட நண்பர்கள். 1958இல் ஒரு கார் விபத்து, குழுவே கலைந்தது. 1960இல் மறுபடி கூடியபோது ஃபிளமிங்கோஸ் குழுவின் ஜானி கார்ட்டர் சேர்ந்தார். அதன்பின் 2009இல் அவர் இறக்கும்வரை அதே ஐந்து பேர்.

ஆனால் ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இருபது வயதில் பாடிய கீர்த்தனையை ஒரு வித்வான் அறுபதில் பாடினால் அப்படியா சொல்கிறோம்? குரல் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கேட்கத்தானே போகிறோம்?

அவர்களின் ‘ஸ்டே இன் மை கார்னர்’ பாட்டு முதலில் 1965இல் வீ-ஜே என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. அடுத்த வருடமே அந்த நிறுவனம் திவால். 1968இல் கேடட் நிறுவனத்துக்காக அதையே மறுபடி பாடினார்கள். வானொலிக்கு மூன்று நிமிடப் பாட்டுதான் வேண்டும் என்றிருந்த காலத்தில் இது ஆறு நிமிடத்துக்கு மேல். ஆர் அண்ட் பி (அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசை) பட்டியலில் முதலிடம். இரண்டிலும் முன்னால் பாடுபவர் மார்வின் ஜூனியர்தான். இரண்டாவதில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தவர் விடுவதாக இல்லை. முதல்முறை கேட்டபோது நண்பனின் அறையில் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு டேப் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் அவன் கேசட்டைப் பின்னோக்கி ஓட்டினான். அந்த முரட்டுக் குரலுக்கு மேலே கார்ட்டரின் மெல்லிய உச்சக்குரல், பின்னால் சார்ல்ஸ் ஸ்டெப்னி அமைத்த வயலின்கள். 1965இல் அந்தப் பாட்டுக்கு இவ்வளவு இடம் யாரும் கொடுக்கவில்லை.

1956இல் வந்த ‘ஓ வாட் எ நைட்’ பாட்டுக்கும் இதே கதைதான். 1969இல் அதைத் திரும்பப் பாடும்போது, சக் பார்க்ஸ்டேல் தன் அடிக்குரலில் முதலில் பேச்சாகவே தொடங்குகிறார். பழைய இரவை நினைத்துப் பார்க்கும் பாட்டு அது. வயது ஏறியவர்கள் பாடினால்தான் அதற்கு அர்த்தமே வருகிறது.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 1965 பதிவு, உடனே 1968 பதிவு, அந்த வரிசையில் கேளுங்கள். அதற்கப்புறமும் சரக்கு தீர்ந்தது என்றே தோன்றினால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.