பனியில் அமர்ந்த வெண்முயல்: மரக்கட்டை அச்சில் வெண்மையைக் காப்பது எப்படி?

கேள்வி: வடதுருவத்தை ஒட்டிய காடுகளின் குளிர்காலக் காட்சிகளில் எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. பிர்ச் மரங்களுக்கு நடுவே பனியில் அமர்ந்திருக்கும் மலைமுயல் ஒன்றைப் பிர்ச் பிளைவுட்டில் செதுக்கி, எண்ணெய் மையை ரோலரால் பூசி, மூன்று நிறங்களில் கையால் தேய்த்து அச்சிட்டேன். பனிப்பரப்பு முழுவதும் சாம்பல் நிறக் கீற்றுகள் விழுகின்றன. முயலுக்குப் புறக்கோடு போட்டால் படம் தட்டையாகிவிடுகிறது. கோட்டை நீக்கினால் முயலே மறைந்துபோகிறது. காகிதத்தின் மூலைகளைப் பலகையின் மூலைகளோடு சேர்த்து வைத்தும் நிறங்கள் விலகுகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: சாம்பல் கீற்றுகளுக்கும் முயலின் குறைகளுக்கும் வேர் ஒன்றே என்று கருதுகிறேன்; நிறங்கள் விலகுவதற்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். பனியையும் முயலையும் நீங்கள் அச்சிட முயல்கிறீர்கள். மரக்கட்டை அச்சில் வெண்மை அச்சாவதில்லை. மை படாமல் விடப்பட்ட காகிதமே வெண்மை. ஆகவே முயலை எப்படிச் செதுக்குவது என்பதைவிட, மை எங்கெல்லாம் படலாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஜப்பானிய அச்சோவியர் ஹிரோஷிகே 1830-களில் வடிவமைத்த, கன்பாரா என்னும் ஜப்பானிய ஊரில் இரவில் பனி பொழியும் புகழ்பெற்ற அச்சில், கூரைகள் மீதும் மலைச்சரிவு மீதும் கிடக்கும் பனி வெறும் காகிதம்தான். அதைப் பனியாக நம்மை உணரச் செய்வது, சுற்றிலும் படிப்படியாகக் கருமையேறும் சாம்பல் வானம்.

உங்கள் முயலுக்கும் இதே வழி பொருந்தும். புறக்கோட்டை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் வரும் பகுதியை மங்கிய நீலச் சாம்பலாக அச்சிடுங்கள். குளிர்கால வெயிலில் பனியின் நிழல் நீலமாகத் தெரிவது ஓவியரின் கற்பனை அன்று. நேரடி வெயில் படாத இடத்துக்கு வானத்தின் ஒளி மட்டுமே வந்து சேர்வதால் நிகழ்வது அது. வடக்கே குளிர்காலச் சூரியன் மிகத் தாழ்வாகவே நகரும் என்பதால் நிழல்கள் நீண்டு கிடக்கும். அப்படி நீண்ட ஒரு மரநிழலை முயலின் பின்னால் கொண்டுசென்றால் அதன் முதுகு தானாகவே வெளிப்படும். வயிற்றுப் பக்கத்தில் எல்லையே வேண்டியதில்லை. அங்கே முயல் பனியோடு கலந்துவிடட்டும். பார்ப்பவரின் கண் எஞ்சியதை நிரப்பிக்கொள்ளும்.

மேலும், இந்த உயிரினங்கள் தங்களுக்குத் தேவையான கருமையைத் தாங்களே வைத்திருக்கின்றன. மலைமுயலின் உடல் குளிர்காலத்தில் வெளுத்தாலும் காதுகளின் நுனி கருப்பாகவே இருக்கும். எர்மின் எனப்படும் வெண்கீரியின் வால்நுனியும் அப்படியே. ராக் டார்மிகன் எனப்படும் பாறைக் கௌதாரி வெளுத்த பிறகும் அதன் வால் கருப்பாகவே இருக்கும்; ஆண் பறவைக்கு அலகிலிருந்து கண்வரை ஒரு கரும்பட்டையும் உண்டு. இரண்டு காதுநுனிகளும் ஒரு கண்ணும் சரியான இடத்தில் அமைந்துவிட்டால் முயலை யாரும் தவறவிடமாட்டார்கள். கண்ணில் ஓர் ஒளிப்புள்ளியை மறக்காமல் விடுங்கள். அதை உளியால் தோண்டாமல், கத்திமுனையைச் சாய்த்துச் சுற்றிலும் கூம்புபோல் வெட்டி எடுத்தால் நார் பெயராது. பலகையில் வரைவது அச்சில் இடவலமாக மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே, ஆயினும் வரைபடத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விலங்கின் நிற்கும் நிலையில் உள்ள பிழைகள் அப்போதுதான் கண்ணில் படும்.

இனி அந்தச் சாம்பல் கீற்றுகள். பிர்ச் பிளைவுட்டின் ஒவ்வொரு அடுக்கும் ஏறத்தாழ 1.5 மி.மீ. கனமுடையது, அடுத்த அடுக்கின் நார் குறுக்காக ஓடும். முதல் அடுக்கை எடுத்ததும் குறுக்கு நாரில் உளி தடுமாறுவதால் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பனிப்பரப்பு அகலமானது. தேய்க்கும்போது காகிதம் அந்த அகலமான பள்ளத்துக்குள் தொய்ந்து, அடியில் எஞ்சிய உளித்தடங்களில் ஒட்டிய மையைத் தொட்டுவிடுகிறது. விரலளவு இடைவெளிக்கு ஒன்று அல்லது இரண்டு மி.மீ. ஆழம் போதும்; உள்ளங்கை அளவு வெளிக்கு, அச்சாகும் கோட்டருகில் ஆழம் குறைவாகத் தொடங்கி, நடுப்பகுதியில் நான்கைந்து மி.மீ. வரை இறங்க வேண்டும். இறங்கும் சரிவு கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். கோட்டின் அடிப்பகுதி குறுகிவிட்டால் அழுத்தத்தில் அது உடைந்துவிடும். மை பூசும்போது அகலமான வெளிகளின் மீது, அச்சாகும் பகுதிக்கு மட்டும் திறப்பு வெட்டிய மெல்லிய காகிதம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு அச்சிடுங்கள். ரோலர் சிறியதாகவும் மென்மையாகவும் இருந்தால் பள்ளத்துக்குள் எளிதில் இறங்கும். விட்டம் பெரிய, சற்றுக் கடினமான ரோலரே இங்கே நல்லது.

நிழலுக்கும் வானத்துக்கும் ஷினா எனப்படும் ஜப்பானிய லிண்டன் மரப் பிளைவுட்டைப் பரிந்துரைக்கிறேன். அது மென்மையானது, சிம்பு தெறிக்காது. காதுநுனி, கண், பிர்ச் மரப்பட்டையின் குறுக்குத் தழும்புகள் ஆகியவை வரும் கரும்பலகைக்கு, அதாவது கருப்பு மையை அச்சிடும் பலகைக்கு, மட்டும் செர்ரி போன்ற கெட்டியான மரம் கிடைத்தால் சிறப்பு. முயலின் மெல்லிய உரோமத்தை வெள்ளைக் கோடுகளால் காட்ட விரும்புவோர் பலரும் ஆங்கிலேய மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பீவிக்கின் (1753–1828) பறவைப் படங்களைப் பார்த்து ஏங்குவார்கள். அவர் நியூகாசிலில் பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், அதாவது நார் நேராக மேல்நோக்கி நிற்கும் பரப்பில், செதுக்கூசியால் வேலை செய்தவர். நார் படுத்தவாக்கில் ஓடும் நெடுக்குவெட்டுப் பலகையில் அந்த நுணுக்கத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இப்பலகையின் வலிமை வேறு: கம்பித் தூரிகையால் நார் ஓடும் திசையில் தேய்த்து வரிகளை எழுப்பி, அந்த வரிகளையே உறைந்த ஏரியாகவோ மங்கிய வானமாகவோ அச்சிடலாம். அதற்காகவே வரிகள் கிடைமட்டமாக ஓடும் பலகையைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம்.

நிறங்கள் விலகுவதற்குக் காரணம், பலகையின் மூலைகளை நீங்கள் நம்புவது. அறுத்த மூலைகள் எந்த இரண்டு பலகையிலும் துல்லியமாக ஒன்றாக இரா. ஜப்பானிய மரபில் கெண்டோ என்னும் இரண்டு வெட்டுகளைப் பலகையிலேயே செதுக்குவார்கள்: கீழ் வலப்புறத்தில் காகிதத்தின் மூலை அமரும் எல் வடிவ வெட்டு ஒன்று, அதே விளிம்பில் இடப்புறமாகத் தள்ளி நேர்வெட்டு ஒன்று. ஒரு மி.மீ. ஆழம் போதும். கரும்பலகையை முதலில் முழுவதும் செதுக்கி, கெண்டோவுக்கும் சேர்த்து மை பூசி, வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் ஓர் அச்செடுங்கள். மை காயுமுன் அத்தாளை மற்றப் பலகைகள் மீது கவிழ்த்துத் தேய்த்தால், படமும் கெண்டோவும் உரிய திசையிலேயே பதியும். அந்தக் குறிகளையொட்டியே ஒவ்வொரு பலகையையும் செதுக்க வேண்டும். மரம் நாருக்குக் குறுக்காகத்தான் அதிகம் உப்பும் என்பதால், எல்லாப் பலகைகளிலும் நாரின் திசை ஒன்றாக இருப்பது அவசியம்.

அச்சிடும் வரிசை வெளிர்நிறத்திலிருந்து கருமைக்குச் செல்லட்டும். பொழியும் பனித்துகள்களையும் காட்ட எண்ணினால் ஒரு முன்னெச்சரிக்கை தேவை: அந்த இடத்தில் எத்தனை நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று வருகின்றனவோ, அத்தனை பலகைகளிலும் அத்துகளைக் குழியாக எடுத்தாக வேண்டும். வெளிர்நிறப் பலகையில் குழியைச் சற்றுப் பெரிதாகவும் கரும்பலகையில் சரியான அளவிலும் எடுத்தால், மயிரிழை விலகல் கண்ணுக்குத் தெரியாது.

எண்ணெய் மையில் கைதேர்ந்த பிறகு நீர்வண்ண முறையையும் முயன்று பாருங்கள். பனிக்கு அதைவிட இணக்கமான முறையை நான் அறியேன். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வாழ்ந்த வால்டர் ஃபிலிப்ஸ் (1884–1963) கனடிய நிலக்காட்சிகளை இம்முறையிலேயே அச்சிட்டார். ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் வண்ணத்தைத் தொட்டுப் பூசினால், நிழல் பனிக்குள் கரைந்து மறையும். இதற்குப் பொகாஷி என்று பெயர். வண்ணத்தோடு சேர்க்கும் அரிசிமாவுப் பசையைக் குறைத்து, மெல்ல அழுத்தினால், எள் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாக அச்சாகும். மற்ற இடங்களில் குறையாகக் கருதப்படும் இது, மிதிபட்ட பனிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இம்முறையில் காகிதம் ஈரமாக இருக்க வேண்டும், ஈரத்தில் அது விரியும். ஆகவே கடைசி நிறம் முடியும்வரை தாள்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கி, ஈரத்தை ஒரே அளவில் வைத்திருங்கள்.

முயலின் முதுகு உரோமத்துக்கு மையே இல்லாத நான்காவது பலகை ஒன்றைச் செய்யலாம். உரோமத்தின் போக்கை ஆழமான கோடுகளாகச் செதுக்கி, மற்ற நிறங்கள் நன்கு உலர்ந்தபின் காகிதத்தின் பின்புறத்தை லேசாக ஈரமாக்கி அதன்மேல் வைத்து, துணி சுற்றிய விரலால் கோடுகளுக்குள் அழுத்துங்கள். நீண்ட நாருள்ள கோசோ எனப்படும் ஜப்பானிய மல்பெரிப் பட்டைக் காகிதம் கிழியாமல் அந்தப் புடைப்பை ஏற்கும். தாளைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் பிடிக்கும்போது, வெள்ளையின் மேல் வெள்ளையாக உரோமம் எழுந்து நிற்கும்.