அந்த ரூமுக்குள்ள போறது யாரு?

கேள்வி: அண்ணே, எனக்கு வயசு 26, ஊரு திண்டுக்கல் பக்கம். சென்னையில மொபைல் கடையில வேலை பாத்துக்கிட்டே ஆடிஷன் போறேன், இதுவரைக்கும் 11 ஆச்சு. வீட்ல பேசிப் பாத்தா நல்லா வருது. அங்க கேமரா முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குது, கை நடுங்குது, டயலாக் மறந்துடுது. ரூம்மேட் ப்ரோப்ரானோலால்னு ஒரு மாத்திரை சொல்றான், இன்னொருத்தன் ஒரு கட்டிங் போட்டுட்டுப் போடாங்கிறான். பயம் சுத்தமா போறதுக்கு என்ன வழி?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: தம்பி, மொதல்ல மாத்திரையையும் கட்டிங்கையும் முடிச்சிடுறேன். அந்த மாத்திரை டாக்டர் சீட்டு எழுதித் தரவேண்டிய மருந்து. நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் குறையும்கிறது உண்மைதான், ஆனா வீசிங் இருக்கிறவங்களுக்கு மூச்சுக்குழாய் இறுகிடும், நாடித்துடிப்பு ஏற்கெனவே கம்மியா இருந்தா இன்னும் இறங்கிடும், உங்க உடம்புல என்ன இருக்குன்னு உங்க ரூம்மேட்டுக்குத் தெரியுமா? கட்டிங் போட்டா டயலாக் இன்னும் சீக்கிரமா மறக்கும், வாடை தெரிஞ்சா பேரும் போச்சு. ரெண்டும் வேண்டாம்.

இப்ப கொஞ்சம் கறாரா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க எழுதினது நாலு பக்கம், இங்க சுருக்கிப் போட்டிருக்கோம். அந்த நாலு பக்கத்துல 'என்னப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்களோ'ன்னு ஒம்போது இடத்துல வருது, எண்ணிப் பாத்தேன். ஆனா 11 ஆடிஷன்ல நீங்க பண்ணினது யாரு, போலீஸா, ஆட்டோ ஓட்டுறவனா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா, அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. எனக்கு அங்கதான் இடிக்குது. பரீட்ச ஹாலுக்குள்ள போற மாதிரி போறீங்க, வாய் டயலாக் பேசுது, மனசு எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியையே பாத்து மார்க் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு. ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல யாராலயும் முடியாது தம்பி, டயலாக் அங்கதான் தொலையுது.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கட்டுரைக்காக சாலிகிராமத்துல ஒரு சினிமா கம்பெனி ஆபீஸ்ல நாள் பூரா உக்காந்திருந்தேன். ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்தான், ஹால்ல ட்ரைபாட், அதுல போன், பின்னாடி ஒரு நீலத்துணி. வெளிய மாடிப்படி ஃபுல்லா பசங்க, எல்லார் கையிலயும் ஏ4 பேப்பர். மதியத்துக்கு மேல ஒரு அம்மா வந்தாங்க, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்காக தம்பிகிட்ட பணம் கேக்கிற சீன். அவங்க கையில அந்தப் பேப்பர் சடசடன்னு ஆடுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவங்க அத நாலா மடிச்சு பர்ஸுக்குள்ள வச்சுட்டு, எதிர் டயலாக் சொல்ற அசிஸ்டன்ட் டைரக்டர் பையன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "தம்பி, நான் இவன்கிட்ட இதுக்கு முன்னாடி காசு கேட்டிருக்கேனா?" அவன் ஒரு நிமிஷம் முழிச்சான், அப்புறம் "இல்லக்கா, இதான் மொத தடவன்னு வச்சுக்குங்க"ன்னான். டேக் போனாங்க. நடுக்கம் நிக்கவே இல்ல, ஆனா அது தம்பிகிட்ட மொத தடவ கை நீட்டுற அக்காவோட நடுக்கமா மாறிடுச்சு, முந்தானைய விரல்ல சுத்திச் சுத்தி இறுக்கிக்கிட்டே பேசினாங்க, நடுவுல ஒரு வரியவே விட்டுட்டாங்க, பேப்பர வச்சுப் பாத்துக்கிட்டிருந்த எனக்குத்தான் அது தெரிஞ்சுது, வேற யாருக்கும் தெரியல. அந்தப் பையன் போனை ஆஃப் பண்ண மறந்துட்டு அப்பிடியே நின்னான்.

நீங்க கேக்கிற மாதிரி பயம் சுத்தமா போகாது. லாரன்ஸ் ஒலிவியர் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, இங்கிலாந்து நாடக மேடையில அவர மிஞ்ச ஆளில்லன்னு சொன்ன காலம், 1960கள்ல, வயசு அம்பத்தஞ்சத் தாண்டினப்புறம் அவருக்கு மேடை பயம் வந்து வருஷக்கணக்கா ஆட்டி வச்சுது. ஷேக்ஸ்பியர் நாடகத்துல ஒத்தெல்லோவா நடிக்கும்போது தனியா நிக்கப் பயந்து, வில்லன் இயாகோவா நடிச்ச ஃப்ராங்க் ஃபின்லேகிட்ட, சீன் முடிஞ்சாலும் என் கண்ணுல படுற மாதிரி பக்கத்துல நில்லுப்பான்னு கேட்டுக்கிட்டாராம். அவருக்கே அப்பிடி. ஆனா பயத்தோடயே நடிச்சார்.

உடம்புல என்ன ஆகுதுன்னும் தெரிஞ்சுக்குங்க. ஆபத்துன்னு நெனச்சு உடம்பு அட்ரினலின்ங்கிற ஹார்மோனக் கொட்டுது, எச்சில் குறையுது, ரத்தம் கைத்தோலுக்கு வராம சதைக்குப் போகுது, அதான் கை ஜில்லுன்னு ஆகி நாக்கு ஒட்டுது. உங்க முறை வர்றதுக்கு முன்னாடி மாடிப்படியில உக்காந்து நாலு எண்ற வரைக்கும் மூச்ச இழுத்து ஏழு எட்டு எண்ற வரைக்கும் மெதுவா விடுங்க. வெளிய விடுறப்பதான் இதயம் வேகத்தக் குறைக்கும், அதனால விடுறதுதான் நீளமா இருக்கணும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, காத்திருக்கிற நேரத்துல மூணு டீ அடிக்காதீங்க, அது நடுக்கத்த ஏத்தும். 'பயப்படாத பயப்படாத'ன்னு உங்களையே அதட்டிக்கவும் வேண்டாம். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆராய்ச்சியில, மத்தவங்க முன்னாடி கரோக்கே பாடுறதுக்கு முன்னாடி 'எனக்கு படபடப்பா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டவங்களவிட 'எனக்கு உற்சாகமா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டவங்க சுருதி சேர நல்லா பாடினாங்க.

ஆனா இதெல்லாம் வாசல் வரைக்கும்தான். டயலாக்க கண்ணாடி முன்னாடி ஒரே ஏத்த இறக்கத்துல மனப்பாடம் பண்றத விட்டுடுங்க. பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லுங்க, பஸ்ஸுல முணுமுணுங்க, மூணு மாடி ஓடி ஏறி மூச்சு வாங்குறப்பவே சொல்லிப் பாருங்க, ஏன்னா அந்த ரூம்லயும் இதயம் அப்பிடித்தான் அடிக்கப் போகுது, அதுக்கு நாக்கு முன்னாடியே பழகிடணும்.

இதவிட முக்கியமா எனக்குப் படுறது வேற. ஆடிஷன் இல்லாத நாள்ல நீங்க நடிக்கிறதே இல்ல, லெட்டர்ல நீங்களே எழுதியிருக்கீங்க. எப்பவோ ஒரு தடவ, அதுவும் வேலை கிடைக்குமா கிடைக்காதாங்கிற இடத்துல மட்டும் நடிச்சா உடம்பு நடுங்கத்தானே செய்யும். ந.முத்துசாமி 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுவுல பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் நாடகம் போட்டுப் போட்டு, ஆளுங்க முன்னாடி நின்னு நின்னு வந்தவங்க, விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதுற வேலைக்குப் போயி அவங்க நடிக்கிறத கிட்ட இருந்து பாத்தவர். சென்னையில சின்னச் சின்ன நாடகக் குழு நெறைய இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு குழுவுல போயி சேருங்க, பெஞ்சு தூக்கிப் போடுற வேலை குடுத்தாலும் செய்யுங்க. (ஆடிஷனுக்கோ 'ரெஜிஸ்ட்ரேஷனு'க்கோ காசு கேக்கிற இடம்னா அப்பவே எந்திரிச்சு வந்துடுங்க, எவ்வளவு பெரிய பேரச் சொன்னாலும் சரி.)

பன்னெண்டாவது ஆடிஷனுக்குப் போயிட்டு வந்து கட்டாயம் எழுதுங்க. செலக்ட் ஆனீங்களா இல்லையாங்கிறது கடைசிப் பக்கத்துல இருந்தா போதும். நீங்க நடிச்ச அந்த ஆளு யாரு, யாருகிட்ட என்ன கேட்டு வந்து நிக்கிறான், அத மொதப் பக்கத்துல எழுதுங்க.