கல்யாண ஸ்டுடியோவுக்கு மீடியம் ஃபார்மேட் டிஜிட்டல் கெமரா வாங்கலாமா?

பண்டாரவளையில கல்யாணப் படம் எடுக்குறேன், ஃபுல் ஃப்ரேம் கெமராவ வித்துட்டு, படம் பதியுற சென்சார் அதவிடப் பெருசா இருக்குற மீடியம் ஃபார்மேட்டுக்கு மாறலாமான்னு கேட்டிருக்கீங்க. விக்காதீங்க, அத முதல்லயே சொல்லிடுறேன். நானும் ஹட்டன்ல இதே தொழில்தான்.

கொழும்புக் கூட்டாளி ஒருத்தர்கிட்ட ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ்ங்கிற மீடியம் ஃபார்மேட் கெமராவ ஒரு கிழமைக்கு வாங்கி வந்தேன். முதல் நாள் காலையில தோட்டத்துக்குப் போனா எங்க அம்மாயி லயத்து இஸ்தோப்புல கைய முழங்கால்ல வச்சி உக்காந்திருந்தாங்க, பென்சன் எடுத்த பிறகும் கைக்காசுக்கு கொழுந்து எடுக்கப் போறவங்க, பின்னால மலை பூரா மிஸ்ட். ஒரே ஒரு படம். கம்ப்யூட்டர்ல போட்டு பெருசாக்கினா கட்டைவிரல் வெடிப்புக்குள்ள கொழுந்துக்கறை கோடு கோடா நிக்குது, மிஸ்ட் வெள்ளையா வெளுத்துப் போகாம அதுக்குள்ள தேயிலை நிரை மங்கலா தெரியுது, வாசலுக்குள்ள இருட்டும் கருப்பா அடைக்கல. அந்தப் படத்துக்காக இந்தக் கெமரா மேல எனக்கு ஆசை இன்னமும் இருக்கு.

ஆனா அதே கெமராவ கல்யாணத்துக்குக் கொண்டு போனேன். செகண்டுக்கு மூணு படம்தான், மண்டபத்து வெளிச்சத்துல ஃபோகஸ் தேடிக்கிட்டே இருக்கும், தாலி கட்டுற நேரம் அதுக்காக நிக்குமா. சத்தம் வராம இருக்கட்டும்னு எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டேன், சென்சார் மேலருந்து கீழ வரைக்கும் வாசிச்சு முடிக்க அவ்வளவு நேரம் எடுக்குறதால தவில் அடிக்கிறவரோட கை வளைஞ்சு விழுந்திருச்சு.

மீடியம் ஃபார்மேட் ஏன் இவ்வளவு விலைன்னா, சென்சார்தான் காரணம். ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 மில்லிமீட்டர், இது 43.8க்கு 32.9, பரப்பளவு கிட்டத்தட்ட 1.7 மடங்கு. சென்சார் வெட்டி எடுக்குற சிலிக்கன் தட்டு (வேஃபர்) ஒண்ணுல கிடைக்கிற துண்டும் குறையுது, ஒரு பழுது விழுந்தா போற துண்டும் பெருசு, வாங்குற ஆளும் கொஞ்சம். சோனியோட 50 மெகாபிக்சல் சென்சார்தான் 2014 பென்டாக்ஸ் 645இசட், 2016 ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, 2017 ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் எல்லாத்துலயும் வந்துச்சு. 645இசட் வந்தப்ப லென்ஸ் இல்லாம பாடி மட்டும் 8,500 டொலர், 2021ல 50எஸ் மார்க் 2 வந்தப்ப 3,999 டொலர், விலை அவ்வளவு இறங்கினாலும் 2022ல நம்ம ரூவா விழுந்த வேகத்துல நமக்கு அது எட்டாமலே போச்சு.

50எஸ் தர்ற 8256க்கு 6192 பிக்சல 300 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளின்னு அடிச்சா நீளம் 27 இன்ச்சுக்கு மேல போகும். நம்ம கஸ்டமர் கேக்குறது 12க்கு 18 ஆல்பம், அதுல ரெண்டு கெமராவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, நான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன்.

ஹப்புத்தளை பக்கம் ஹோட்டல், பங்களா வேலை, இல்ல கண்காட்சிக்குப் பெரிய பிரிண்ட்னு இருந்தா மட்டும் பழைய 50எஸ் ஒண்ணும் 63எம்எம் லென்ஸ் ஒண்ணும் பாருங்க, ஃபுல் ஃப்ரேம் கூடவே இருக்கட்டும். மழைக்காலத்துல நம்ம ஊர் ஈரத்துக்கு பங்கஸ் பிடிச்சு எனக்கு ஒரு லென்ஸே போயிருக்கு, அதனால காசு குடுக்க முந்தி லென்ஸ கழட்டி பின்னாலருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள வெள்ளையா நூல் மாதிரி ஓடியிருந்தா எடுக்காதீங்க.